வேலைக்குத் தகுதி உள்ளவர் எங்கள் அண்ணன்

அருமனைக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தார். வண்டி மெக்கானிக் வேலை. நான் எட்டாவதோடு நின்று ரப்பர் பால் வெட்டப் போனேன்.

பட்டாளத்தில் சேர்ந்த பதினோராம் வருடம் வடக்கே பனிமலையில் அண்ணனுக்கு இடது கால் விறைத்துவிட்டது. மூன்று விரல்களை எடுத்தார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழு பார்த்து வீட்டுக்கு அனுப்பியது.

காகிதம் எல்லாம் இங்கிலீஷ். மாமா முதல் பக்கத்தை வாசித்தார். பணிக்குத் தகுதி இல்லை என்று இருந்தது. அம்மா அழுதார்கள். அதற்குமேல் யாரும் வாசிக்கவில்லை. அண்ணன் அதை மடித்துப் பெட்டியில் வைத்தார். புண் ஆறும்வரை வீட்டோடு கிடந்தார்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் நோயாளிகள் பெயரை வாசித்து ஜெபிப்பார்கள். அண்ணன் பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நல்லது என்று நினைத்தே கொடுத்தேன். நாலு மாதம் வாசித்தார்கள்.

புண் ஆறியதும் அண்ணன் வேலை தேடிப் போனார். போன இடமெல்லாம் உட்கார வைத்தார்கள். சாயா கொடுத்தார்கள். காலை விசாரித்தார்கள். வேலை மட்டும் இல்லை. அண்ணனைக் கட்டிவந்த மதினிக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் உட்கார்ந்தே செத்துப்போவார் என்று மதினி என்னிடம் சொன்னார்கள்.

ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட் வைத்திருந்த தோட்டத்து முதலாளி எங்கள் சபைக்காரர். அவர்தான் காரணத்தைச் சொன்னார். உனக்காக வாராவாரம் ஜெபம் பண்ணுகிறோம், சுகமில்லாதவனிடம் வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்றாராம்.

அண்ணன் வந்து கேட்டார். "எனக்க பேரை ஆருலே கொடுத்தது?"

"நான்தான்."

"மூணு விரலுதான் மக்கா போச்சு. நீ ஆளையே படுக்க வச்சிட்டியே."

கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே அண்ணன் பெட்டியில் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போதகரிடம் போனார். நானும் கூடப் போனேன். பெயரை எடுக்கச் சொன்னார். இந்தப் பட்டியலில் இருந்து பெயர் போவது இரண்டு வழியில்தான், ஒன்று சுகமாக வேண்டும், இல்லையென்றால் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். நீ சுகமாகிவிட்டாயா என்று கேட்டார்.

"விரலு இனி முளைக்காது ஐயா. ஆனா நான் நோயாளி இல்ல. இந்த ரெண்டாம் பக்கத்த வாசிச்சுப் பாருங்க."

போதகர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பனி உயரத்துக்கும் நீண்ட நடைக்கும் ஆகாது, பட்டாளத்துக்கு வெளியே உள்ள வேலைக்குத் தகுதி உண்டு என்று மருத்துவக் குழு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று போதகர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் கொடுத்த நான் தரையைப் பார்த்தேன்.

அன்று நோயாளிகள் பெயரில் அண்ணன் பெயர் இல்லை. அறிவிப்பு நேரத்தில் போதகர் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னார். வேலைக்குத் தகுதி உள்ளவர், வேலை தேடுகிறார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வாசலில் முதலாளி அண்ணனை நிறுத்தினார். காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பனிமலைக்குத்தான் ஆகாதுன்னாக்கும் எழுதியிருக்கு," என்றார் அண்ணன். "உங்க ஷெட்டில பனி பெய்யுமா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஷீட் அடிக்கிற மெஷின் ஒரு மாசமா ஓடாம நிக்கி. நாளைக்கு வா."

இரண்டு நாளில் மெஷின் ஓடியது. பிறகு இருபத்திரண்டு வருடம் அண்ணன் அங்கேதான். ஷூ முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொள்வார். மழைக்காலத்தில் கால் வலிக்கும். சொல்ல மாட்டார். நடையைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.

துபாயில் விழுந்து முதுகு ஒடிந்து வந்தவர்கள், சர்க்கரையில் விரல் போனவர்கள் அண்ணனைத் தேடி வருவார்கள். அண்ணன் அதிகம் கேட்கமாட்டார்.

"டாக்டர் எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு சொன்னாரு? சரி. மீதி எல்லாம் செய்யலாம்லா."

இப்படி நாலு பேரை அலைந்து வேலையில் சேர்த்தார். அதில் ஒருவர்தான் இப்போது அந்த ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. முந்தின நாள்வரை வேலைக்குப் போனவர். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் பக்கத்திலேயே இருந்தாள். அவள் கையைப் பிடித்தபடியே போனார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அடக்கத்துக்குக் குழி வெட்டிய சபைப் பிள்ளைகளுக்கும், மூன்று நாள் ஷெட்டை அடைத்துவிட்டு எங்களோடு இருந்த முதலாளிக்கும் தொழிலாளிகளுக்கும், மதினிக்குத் துணை இருந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறப்பைப் பதிய நான்தான் போனேன். தொழில் என்ன என்று கேட்டார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அது முன்னே, கடைசிவரை மெக்கானிக் என்று நான் சொன்னேன். அப்படியே எழுதினார்கள்.

— தம்பி