எழுந்து நின்ற நேர்காணல்

ஏப்ரலில் விடுமுறைக்கு வேலூர் வந்திருந்தேன். நெதர்லாந்தில் இரண்டு வருடமாகப் படிக்கிறேன். பள்ளித் தோழியின் தங்கை கவிதா அதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. இணையவழி நேர்காணல் மட்டும் பாக்கி. சொந்த ஊரான ஒடுகத்தூரில் சிக்னல் நிற்காது என்பதால், ஆம்பூர் ஹாஸ்டல் அறையிலேயே உட்காரப்போகிறாள். "பக்கத்துல இருங்கக்கா, போதும்" என்றாள்.

வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் திருப்பத்தூர் வண்டி ஏறினால் பள்ளிகொண்டா வழியாக ஆம்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம். ஊர்ப் பலகைக்கு முன்பே தோல் வாடை வந்துவிடும். அப்போதே பையை எடுத்துக்கொள்ளலாம்.

ஆம்பூரில் இறங்கி ஹாஸ்டலுக்கு ஆட்டோ ஏறினேன். என்ன படிக்கிறேன், எங்கே படிக்கிறேன் என்று விசாரித்த ஆட்டோக்காரர் கேட்டார்: "அங்க வாத்தியார இன்னான்னு கூப்புடுவாங்க?"

"பேர் சொல்லித்தாண்ணா."

"பேஜாரா போச்சே! எங்க வாத்தியார ரோட்ல பார்த்தா நான் இன்னிக்கும் லுங்கிய எறக்கி வுட்டுருவேன்."

கவிதாவை ஒரு வாரமாகப் பழக்கியிருந்தேன்: 'சார்' கூடாது, பேராசிரியரைப் பேர் சொல்லி வெறும் 'யான்'. திரையில் பேராசிரியர் யான் தோன்றியதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் தெரிந்தது துப்பட்டாவும் கம்பெனி அடையாள அட்டையும்தான். "ஹலோ, யாராவது இருக்கிறீர்களா?" என்றார். கேமராவுக்குக் கீழே துப்பட்டா நுனியை இழுத்தேன்.

"சார் வந்துட்டாருக்கா" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள்.

பதில்களெல்லாம் நன்றாகவே சொன்னாள். கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். கவிதா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நம் வகுப்பில் மாணவர் கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக அர்த்தம். அங்கே கேட்காவிட்டால் அக்கறையில்லை என்று அர்த்தம். முதல் பருவத்தில் எனக்கு மதிப்பெண் போனது இதில்தான். இவளுக்கு இடமே போய்விடும் என்று நினைத்தேன்.

"யான் சார்," என்றாள் ஆங்கிலத்தில், "நான் எழுந்து நின்றது தப்பா?"

"ஏன் நின்றீர்கள்?"

"நீங்கள் வந்தீர்களே."

அவர் சிரிக்கவில்லை. விடைபெறும்போது அவரும் எழுந்து நின்றார். திரையில் ஸ்வெட்டரின் கீழ்ப்பாதியும் பெல்ட்டும்.

இணைப்பு அறுந்ததும் கவிதா என் கையைப் பிடித்தாள். "சீட்டு கெடைக்குமாக்கா?" உடனே குரலைத் தாழ்த்தி, "பெல்ட்ட பார்த்தீங்களா? ரெக்ஸின். ஓரமெல்லாம் உரியுது."

மே மாதம் இடம் கிடைத்தது.

இங்கிருந்து நேர்காணல் தருபவர்களுக்கு ஒன்று: பன்னிரண்டு வருடப் பள்ளிப் பழக்கம் ஒரு வாரத்தில் போகாது, போகவும் வேண்டியதில்லை. நின்றாலும் முகம் தெரிகிற உயரத்தில் லேப்டாப்பை வையுங்கள். ஆம்பூரில் ஷூ பெட்டிக்கா பஞ்சம்?