சுவர் இருந்த இடத்தில்

மொபைல் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் அறைகளை வரைந்துகொண்டிருந்தாள். விளையாடுபவர் ஓர் அறையில் சிதறிக் கிடக்கும் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்தால், ஒரு குடும்பத்தின் பழைய நினைவு முழுதாகத் தெரியும். கடைசிக் கட்டத்துக்குத் தான் வளர்ந்த வீட்டையே வரைந்து, அண்ணனிடம் விளையாடக் கொடுத்தாள்.

கட்டில், மேசை, தையல் மெஷின் எல்லாவற்றையும் அவன் மளமளவென்று வைத்தான். அலமாரியில் மட்டும் அவன் விரல் நின்றுவிட்டது.

"சுவரோரமா வைண்ணா."

"அங்க ஏது சுவர்? சின்ன ரூமோட கதவுல்ல இருந்துச்சு, பின்னாடிதான் அடைச்சுப் பூசினாங்க. கோபம் வந்தா அப்பா அம்மாவை அதுக்குள்ளதானே தள்ளிப் பூட்டுவாரு."

"சும்மா கதை விடாதே. அம்மா வெளியூர் போயிருக்காங்கன்னு நீதானே சொல்லுவே?"

"பின்ன உன்கிட்ட வேற என்னத்தைச் சொல்றது? அழுது ஊரைக் கூட்டியிருப்பே."

சுவருக்குள் எலி சுரண்டுகிறது என்று பயந்து அவள் போர்வைக்குள் சுருண்டதெல்லாம் அம்மா ‘வெளியூர் போன’ அந்த நாட்களில்தான். கேட்டுத் தெளிய அம்மாவும் இப்போது இல்லை.

மறுநாள் சுவரை அழித்துவிட்டுக் கதவை வரைந்தாள். உள்ளே என்ன இருந்தது என்று அண்ணனுக்கும் தெரியாததால், அதைப் பூட்டியபடியே விட்டாள்.

கேம் வெளியானதும், அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று கேட்டுப் பலர் எழுதினார்கள். அந்த வாரமே அவள் தன் வீட்டு உள்கதவுகளில் இருந்த தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.