பதினோரு பேருக்கும் ஒரே அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வீட்டுக்கு வந்து விளக்கின் முன் நிற்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். "நீதான் கடகடன்னு எழுதிருவியே" என்றார் அம்மா. எழுதுவேன்தான். ஆனால் வீட்டில் 'நீ, வா, போ' என்று பேசியவரை இங்கே மரியாதை போட்டு எழுதும்போது, வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் கை நிற்கிறது. கை நிற்க இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்க என்னால் முடியாது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போடுகிற கரிசல் கிராமத்தில் அக்கா பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அடுத்தடுத்து மழை இல்லை. அப்பா நிலத்தை அப்படியே போட்டுவிட்டு எங்களை டவுனுக்குக் கூட்டி வந்து, தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டும் வேலையில் சேர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டே பாடத்தை வாய்விட்டுச் சொல்வாராம் அக்கா. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆனார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது தன் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தது அவர்தான். சொந்தக்காரர்களுக்கு இது தெரியும்.

அக்கா மனசு வைத்து நடத்தியது ஞாயிற்றுக்கிழமை வகுப்பை. எங்கள் மொட்டைமாடிக் கொட்டகையில் நடந்தது. படித்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். சென்னையில் ஒரு நிறுவனம் நடத்திய ஆங்கிலச் சான்றிதழ்த் தேர்வுக்கு அவர்களைத் தயார் செய்தார். முதல் நிலையில் வாக்கியம் எழுதினால் போதும். இரண்டாம் நிலையில் கட்டுரை எழுத வேண்டும். சிக்கல் அங்கேதான். நம் ஆட்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் லீவு லெட்டர் ஆங்கிலம். கட்டுரைத் தலைப்பு 'எங்கள் ஊர்' என்று இருந்தாலும் 'மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் தெரிவிப்பது' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிந்த' என்று கையெழுத்துப் போட்டு முடிப்பார்கள்.

ஒரு கட்டுரைக்கு மூன்று ஞாயிறு என்பது அக்காவின் கணக்கு. முதல் ஞாயிறு தமிழில் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்றாவது ஞாயிறு வேண்டாததை அடிக்க வேண்டும். மாரியப்பன் அண்ணாச்சி அப்பா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸிலேயே கிளார்க், ஐம்பதை நெருங்கியவர். 'எங்கள் முதலாளி நல்லவர்' என்று எழுதிவிட்டு அதற்குமேல் நகரவில்லை.

"நல்லவர்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"வேற மாதிரி எழுதி அவிய பாத்துட்டாவன்னா டீச்சர்?"

"பாத்தா?"

"பாத்தாலும் அவியளுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"அப்ப என்ன பயம்? எழுதுங்க."

கொட்டகையே சிரித்தது. மூன்றாம் ஞாயிறு, தீக்குச்சி மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்த அன்று முதலாளி முதல் ஆளாக உள்ளே ஓடியதை ஒரு பக்கம் எழுதி வந்தார் அண்ணாச்சி. அக்கா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

எனக்கு இந்த வேகம் பொறுக்கவில்லை. கல்லூரிக் கடைசி வருஷம். எதையும் உடனே முடித்துப் பார்க்கிற வயசு. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வருஷம் தேர்வு எழுத இருந்த பதினான்கு பேரும், மனப்பாடம் செய்ய ஒரு மாதிரிக் கட்டுரை தரும்படி அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே தேறி வந்தோம்? அக்கா மறுத்துவிட்டார். "மனப்பாடம் பண்ணினது பரீட்சையோட போயிரும். நாளைக்கு ஆபீஸ்ல ஒரு லெட்டர் எழுதச் சொன்னா யாருகிட்டப் போவீங்க?" என்றார்.

அந்த வாரமே நான் ஒரு கட்டுரை எழுதினேன். தம்பியைப் படிக்க வைக்கத் தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்த ஓர் அக்காவைப் பற்றிய கட்டுரை. நன்றாகத்தான் வந்திருந்தது. பதினான்கு ஜெராக்ஸ் எடுத்தேன். வகுப்புக்கு வருகிறவர்கள் டீ குடிக்கிற கடையில் நின்று கொடுத்தேன். "அக்கா குடுக்கச் சொன்னாவ. வகுப்புல இதப் பத்திப் பேச வேண்டாம்னாவ" என்றேன்.

அந்தச் சொல் என்னுடையது.

புதியம்புத்தூரில் தையல் யூனிட் ஒன்றில் மேற்பார்வை பார்த்த சரோஜா அக்கா மட்டும் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "டீச்சர் எழுதினா இம்புட்டு அலங்காரம் இருக்காதே தம்பி" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

தேர்வில், தங்களுக்குப் பெரிதும் உதவிய ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். தாளை வைத்துக்கொண்ட பதின்மூன்று பேரில் பதினோரு பேர் என் கட்டுரையை ஒரு சொல் மாறாமல் எழுதினார்கள். மாரியப்பன் அண்ணாச்சிதான் அவர் வீட்டில் மூத்தவர்; அவருக்கு அக்காவே கிடையாது. அவரும் எழுதினார். பதினோரு பேரின் தேர்வும் ரத்து. வகுப்புக்குக் கொடுத்திருந்த அனுமதியும் ரத்து என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு விடைத்தாளின் நகலையும் வைத்திருந்தார்கள். அக்கா அதை நின்றபடியே படித்தார். கம்மல் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் குடுக்கச் சொன்னேன்னு சொன்னியா?"

தலையாட்டினேன்.

"பதினோரு பேருக்கும் ஒரே அக்கா ஆயிட்டேனேலே" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நான் போய் எல்லார்ட்டயும் சொல்லிருதேன்."

"சும்மா இருலே. உனக்கு வேலை ஆர்டர் வார நேரம். வகுப்பு என்னுது. பதில் நான் சொல்லிக்கிடுதேன்."

சும்மா இருந்தேன். அக்கா சொன்ன வேறு எதற்கும் நான் அவ்வளவு சீக்கிரம் கட்டுப்பட்டதில்லை.

மாரியப்பன் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். ஏற்றுமதிக் கடிதம் எழுதும் பொறுப்பு அந்தச் சான்றிதழை நம்பி அவருக்கு என்று இருந்தது. அது வேறொருவருக்குப் போய்விட்டது. "நீங்க குடுத்ததத்தான டீச்சர் எழுதினோம். இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டார். "தப்பு என் மேலதான் அண்ணாச்சி" என்றார் அக்கா. நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சரோஜா அக்காவுக்கு மட்டும் விஷயம் விளங்கியிருந்தது. அவர் தேறியவர், வந்து நேரடியாகவே கேட்டார். வெளியே சொல்ல வேண்டாம் என்று அக்கா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால், இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பள்ளியில் இனி வர வேண்டாம் என்றார்கள். கயத்தாற்றில் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அக்கா அதன்பின் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் அப்பாவின் காதுபடவே பேசினார்கள். "ஊருக்குச் சொல்லிக் குடுக்கவ செய்யுத காரியமா இது?" என்று வீட்டில் வந்து கேட்ட அப்பா, அக்கா வைத்த சோற்றைப் பல நாள் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்பா காலமானார். அக்காதான் அதைச் செய்தார் என்று நம்பியபடியே போனார். அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். வாரம் ஒருமுறை போன் பேசுவேன். ஒருமுறைகூட உண்மையைச் சொல்லவில்லை.

அதற்குப் பின் அக்கா ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தார். வகுப்பு எடுக்கவில்லை. புற்றுநோய் தெரியவந்தபோது முற்றியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், "அக்கா, இப்பவாவது எல்லார்ட்டயும் சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"உனக்கு மனசு லேசாகணும்னா சொல்லு. எனக்காகச் சொல்லுதேன்னு மட்டும் சொல்லாத."

கோபமாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆறு நாளில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த சித்திக்கும் அத்தை மக்களுக்கும், ரத்தம் கொடுத்த அச்சக நண்பர்களுக்கும், கடைசிக் காரியங்களை முன்னின்று நடத்திய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. வாக்குக் கொடுத்துக் காத்த சரோஜா அக்காவுக்குத் தனியாக நன்றி. இனி நீங்கள் மறைக்க வேண்டியதில்லை.

அன்று பாதிக்கப்பட்ட பதினோரு பேரின் முகவரியையும் தேடி எடுத்துவிட்டேன். பத்துப் பேருக்குத் தபாலில் இந்த மலர் போகிறது. மாரியப்பன் அண்ணாச்சி அக்கா இறந்தபோது துட்டி கேட்க வந்து, வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனவர். அவருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் இதைப் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது நான் அங்கே போய்விட்டு வந்திருப்பேன்.