துவக்கு எங்கே இருக்கும்?

1. மேசையின் ஓரம்

"காதில விழுகிறதை மட்டும் எழுதுங்கோ. மனசில படுகிறதை வீட்டுக்குக் கொண்டு போங்கோ."

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை என் தலைவர் ஹெர் லூர்ஸ் சொன்னது இது. அவர் பேசியது டொச், அதாவது ஜேர்மன் மொழி; அதில் 'ஹெர்' என்றால் 'திரு'. ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது. ஆகவே இந்தக் குறிப்பில் வரும் ஹம்பேர்க்காரர் எல்லாரும் பருத்தித்துறைக்காரர் மாதிரித்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஹம்பேர்க் நகருக்குப் படிக்க வந்தவன் நான். ஹம்பேர்க் பெண்ணொருத்தியைக் கட்டி, குடியுரிமையும் எடுத்து, டொச் சுருக்கெழுத்தும் பழகி, எழுபதுகளின் தொடக்கத்தில் மாநில நிர்வாகத்தில் பதிவெழுத்தரானேன். அப்போதுதான் புதிய ஆயுதச் சட்டம் வந்திருந்தது. கைத்துவக்கு, அதாவது கைத்துப்பாக்கி, வைத்திருக்க ஓர் அனுமதி, அதை வெளியே கொண்டு திரிய இன்னொன்று. பொலிஸ் மறுத்தால், நீதிமன்றம் போகுமுன் எங்கள் குழுவிடம் வர வேண்டும். அந்த முறையீட்டுக்கு 'விடர்ஸ்ப்ரூக்' என்று பெயர். தலைவர் சட்டம் படித்த அதிகாரி. அவருக்கு இரு பக்கமும் பொதுமக்களில் இருந்து தெரிந்தெடுத்த இருவர். எங்கள் குழுவில் ஒரு பேக்கரிக்காரரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் இருந்தார்கள். மேசையின் ஓரத்தில் நான்.

சட்டம் கேட்பது இரண்டு கேள்வி. மற்றவர்களைவிட உனக்கு ஆபத்து கூடவா? துவக்கு இருந்தால் அந்த ஆபத்து குறையுமா? முதல் கேள்விக்கு எல்லாரும் ஆயத்தமாக வருவார்கள். இரண்டாவதில்தான் லூர்ஸ் பிடிப்பார். அவர் சட்டப் பிரிவு எதையும் வாசிக்க மாட்டார். "அந்த நேரத்தில துவக்கு எங்கை இருக்கும்?" என்று மட்டும் கேட்பார்.

நகைக்கடைக்காரர் ஒருவர், "மேசை லாச்சிக்குள்ள" என்றார்.

"அந்த லாச்சியை வேறை ஆர் திறப்பினம்?"

"காசு எடுக்கிற பெட்டை. பின்னேரத்தில என்ரை மகன்..." அதோடு வாயை மூடிக்கொண்டார். முறையீட்டைத் தாமாகவே திரும்பப் பெற்றார்.

இன்னொருவர், அயல் வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை பிடிக்கும் இறைச்சிக் கடைக்காரர். "உங்களுக்குக் கோபம் வருமோ?" என்று லூர்ஸ் கேட்டதும், "எனக்கோ? ஒருநாளும் வராது!" என்று மேசையில் ஓர் அடி அடித்தார். என் மைப்புட்டி கவிழ்ந்தது. அந்தக் கறை பட்ட தாளோடுதான் அவருடைய முறையீட்டை நிராகரித்த முடிவும் போயிற்று.

இப்படிச் சிரிக்கவும் இடமிருந்த வேலைதான். கிராபோ வரும் வரைக்கும்.

2. இரண்டு கதிரைகள்

ஹெர் கிராபோ இரவில் டாக்சி ஓட்டுபவர். ஐம்பதை நெருங்கிய வயது. அறைக்குள் வந்தபோதும் கழுத்துத் துணியைக் கழற்றவில்லை. ஒரு பனிக்கால இரவு, துறைமுகப் பக்கம் இறங்க வேண்டும் என்று பின்னால் ஏறிய ஒருவன் அவருடைய கழுத்தில் கத்தியை இழுத்துவிட்டு ஓடியிருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் துவக்குக்கு விண்ணப்பித்தார். பொலிஸ் மறுத்தது.

"வேறை வேலை பாக்க ஏலாதோ?" என்று ஆசிரியை கேட்டார்.

"இந்த வயசில ஆர் தருவினம், அம்மா? கார் என்ரை சொந்தக் கார். அதை விட்டா எனக்கு ஒண்டும் தெரியாது."

"இடையில கண்ணாடித் தடுப்புப் போடலாமே?" இது பேக்கரிக்காரர்.

"போட்டுப் பாத்தனான். மூச்சு முட்டுது. ஏறுற ஆக்களும் தங்களைக் கள்ளரெண்டு நினைக்கிறன் எண்டு முகத்தைத் திருப்பினம்."

லூர்ஸ் எழுந்தார். ஒரு கதிரையை அறை நடுவில் போட்டார். அதற்குப் பின்னால் இன்னொன்று. கிராபோவை முன் கதிரையில் இருத்தி, கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து, "துவக்கு எங்கை இருக்கும்?" என்று கேட்டார். கிராபோ அதை இருக்கைக்கு அடியில், வலது பக்கமாக வைத்தார்.

லூர்ஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பின்னால இருங்கோ. கழுத்தைப் பிடியுங்கோ."

பேனையை வைத்துவிட்டுப் போனேன். கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன். துணி விலகி, தழும்பு என் மணிக்கட்டில் பட்டது. அந்த மனிதருடைய உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது. கையை எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் எடுக்கவில்லை, லூர்ஸ் சொல்லவில்லை.

"இப்ப எடுங்கோ" என்றார் லூர்ஸ்.

கிராபோவின் விரல்கள் அடிமட்டத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"காணும், விடுங்கோ."

கிராபோ கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஓம் ஐயா, துவக்கு உதவாது. விளங்குது. அப்ப எது உதவும்? அதையும் நீங்களே சொல்லுங்கோ."

லூர்ஸ் கதிரைக்கு அடியில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"குறை நினையாதேங்கோ," என்றார் கிராபோ. "ஒருக்கால் நீங்கள் முன்னால இருந்து பாருங்கோ."

அப்படி ஒருவரும் அந்த அறையில் கேட்டதில்லை. நான் லூர்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் போய் முன் கதிரையில் இருந்தார். கிராபோ பின் கதிரையில் இருந்தார். தொடவில்லை, பேசவில்லை. இரண்டு கையையும் கீழே விட்டபடி சும்மா இருந்தார். சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. லூர்ஸின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"திரும்பாதேங்கோ. றோட்டைப் பாருங்கோ."

லூர்ஸ் சுவரைப் பார்த்தார். காதுக்குக் கீழே வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

"ஒவ்வொரு ஓட்டமும் எனக்கு இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் கிராபோ எழுந்தார்.

குழு கூடிப் பேசும்போது நான் வெளியே நிற்க வேண்டும். அன்று வெகுநேரம் நின்றேன். உள்ளே பேக்கரிக்காரரின் குரல் இரண்டு முறை உயர்ந்தது. முடிவு வந்தது. முறையீடு நிராகரிக்கப்பட்டது. துவக்கு அவருக்கு உதவாது, பறித்தெடுப்பவனுக்கே உதவும் என்பது காரணம். அது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கிராபோ கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினார். "இண்டைக்கும் ஓடத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போனபின் லூர்ஸ் என் மேசைக்கு வந்தார். "நான் கதிரையில இருந்ததை எழுதினனீங்களோ?"

"ஓம். காதில விழுந்ததையும் எழுதினன், கண்ணில பட்டதையும் எழுதினன்."

"இருக்கட்டும்," என்றார். வெட்டச் சொல்லவில்லை.

3. முன் இருக்கை

அடுத்த மாதம் ஒரு கடையை நேரில் பார்க்க நானும் லூர்ஸும் டாக்சியில் போனோம். வழக்கமாகப் பின்னால் ஏறிக் கோப்புகளை விரிக்கிற லூர்ஸ், அன்று முன் கதவைத் திறந்து சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். கையுறையைக் கழற்றி, வெறுங்கை இரண்டையும் சாரதிக்குத் தெரியும்படி முழங்காலில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கும் அதுவே பழக்கமாயிற்று.

சில வருடங்களின் பின் ஒரு மழை மாலையில், பெரிய ரயில் நிலையத்து வாசலில் வரிசையில் முதலாய் நின்ற டாக்சிக்குப் போனேன். என் கறுப்புத் தோல், நனைந்த கோட், காதை மூடிய தொப்பி. என்னைக் கண்டதும் சாரதியின் கை கதவுப் பூட்டுக்குப் போனதைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. முன் கதவைத் தட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துத் திறந்தார். ஏறிக் கையை முழங்காலில் வைத்தேன்.

அவர் முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"உந்தக் கையை எனக்குத் தெரியும்" என்றார் கிராபோ.

"இன்னும் ஓடுறியளோ?" என்றேன்.

"ஓடுறன். நீங்கள் செய்தது சரி எண்டு நான் சொல்ல மாட்டன்." கார் நகர்ந்தது. "ஆனா முன்னால ஏறுற ஆள் கிடைச்சா அண்டைக்கு நல்லா ஓடும்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சட்டப்படி 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் அதோடு அந்த மனிதர் உங்களுக்கு முடிந்துபோனார் என்று கோப்பைக் கட்டிவிடாதீர்கள். அவர் அதே பயத்தோடுதான் வேலைக்குத் திரும்பிப் போகிறார்.

அந்த மழை மாலை, என் வீட்டு வாசலில் கிராபோ காரை நிறுத்தினார். வழி முழுக்க அவர் ஒருமுறைகூடப் பின்னிருக்கை தெரியும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நான் இறங்கி நடந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்துத் துணியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில், நான் இருந்த இடத்தில், போட்டுக்கொண்டிருந்தார்.