வெந்தயம் தின்ற மாப்பிள்ளை

காஃப்ஸா ஊர் ஆவிக் குளியல்கூடத்தில் முதுகு தேய்க்கிற திஜானி, என் பெரியம்மா மப்ரூக்காவின் மூன்றாவது மகன். கைக்கு நல்ல வலு. உடம்பில்தான் ஒன்றும் கிடையாது. ஆவிக்குள் அவன் நின்றால் துண்டு காயப்போட்ட கம்பு என்றே நினைப்பார்கள்.

அவன் ஸல்ஹாவைப் பெண் கேட்டுப் போனபோது, அவள் தாய் தஹ்பியா மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்ல பையன்தான் நீ. ஆனா என் மக புருஷனைப் பட்டினி போடுறான்னுல்ல ஊர் பேசும். பேரீச்சை அறுப்புக்குள்ள கொஞ்சம் சதை போட்டுட்டு வா. இல்லைன்னா வேற இடம் பாத்துருவேன்."

சதை போட எங்கள் பக்கத்தில் வெந்தயம்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற, இருமலுக்கு, வயிற்று வலிக்கு, சர்க்கரைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். கல்யாணப் பெண்ணுக்குக் கன்னம் உப்பவும் அதையே கொடுப்போம். மாப்பிள்ளை தின்றதாக மட்டும் யாரும் கேட்டதில்லை. அதனால் திஜானி ரகசியமாகத் தின்றான். ஆலிவ் எண்ணெயில் ஊறியதைத் தினமும் ஒரு கைப்பிடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு. நாற்பதாம் நாள் கன்னம் லேசாக எழும்பியது. கேட்டவர்களிடம், "மனசு நல்லா இருக்கு, அதான்" என்றான்.

வெந்தயம் வியர்வையில் மணக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். நாளெல்லாம் வியர்க்கிற வேலைக்காரன் அதை மறந்துவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை ஸல்ஹாவின் அண்ணன் கமைஸ் வந்து கல்மேடையில் குப்புறப் படுத்தான். திஜானி இரண்டு இழுப்புத்தான் தேய்த்திருப்பான்.

"என்னடா, பிள்ளை பெத்த வீட்டு வாசனை அடிக்குது?"

"சோப்பு மாத்தியிருக்காங்கண்ணே."

"சோப்பை உன் கக்கத்துலயா வச்சிருக்காங்க? சொல்லு கல்யாணப் பொண்ணே, எத்தனை நாளா திங்கிற?"

கூடமே சிரித்தது. நானும்தான், பெரியம்மா மகன் என்று பார்க்கவில்லை.

மூன்று நாள் அவன் வேலைக்கு வரவில்லை. "இனி எந்த மூஞ்சியோட மாமி முன்னால நிப்பேன்? பொண்ணு போச்சு" என்று போர்வைக்குள் கிடந்தான். நான்காம் நாள் காலையில் கமைஸ் ஒரு ஜாடியோடு வந்து நின்றான்.

"அம்மா குடுத்துச்சு. வெந்தயத்தைப் பேரீச்சம்பழத்தோட இடிச்சது. வெறும் எண்ணெயில தொண்டையில எறங்காதாம்."

"கோவம் இல்லையாண்ணே?"

"சிரிச்சுச் சிரிச்சு அதுக்கு இருமலே வந்துருச்சு. நாப்பது நாள் அந்தக் கசப்பைத் தின்னவன் ஸல்ஹா சமையலையும் தின்னுருவான்னு சொல்லிட்டு, நாள் குறிக்கப் போயிருக்கு."

ஸல்ஹா என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் சமையலைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. கல்யாணத்தன்று திஜானிக்கு இருந்த கன்னச் சதை முதல் வருடத்திலேயே போய்விட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.