உலகம்மை வெட்டிய தும்பிக்கை

கழக்கூட்டத்தில் ஐடி பூங்காவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் வாசலில் நின்ற செடி யானையை வளர்த்தவள் உலகம்மை. பூதப்பாண்டிக்காரி. சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் விற்பனைக்கு நிற்கும் நீலகண்டனைக் கட்டிக்கொண்டு மணக்காட்டுக்கு வந்தவள். நர்சரி ஒன்றில் தொட்டிக்கு மண் நிரப்பப் போனாள். போன இடத்தில், கம்பியை வளைத்து உருவம் கட்டி, அதன்மேல் செடியைப் பழக்கி, மானும் மயிலுமாக வெட்டி நிறுத்துகிற வேலை கைக்கு வந்துவிட்டது.

அந்த யானைக்கு நான்கு கால்களும் ஆலமர இனத்து பைக்கஸ் செடிகள் நான்கு. நான்கும் மேலே ஏறித் தழைத்து ஒன்றாகி முதுகாயின. தும்பிக்கை மட்டும் முன்னங்கால் செடியிலிருந்து போன ஒற்றைக் கிளை. அதைக் கம்பியோடு கட்டிக் கீழே இறக்கி, நுனியை மறுபடி மேலே தூக்கி நிறுத்துவதற்கே மூன்று வருடம் பிடித்தது. குடியிருப்பில் பலர் அதன் அடியில் நின்று பிறந்தநாள் படம் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தைக் கான்டிராக்ட் எடுத்து அவளை வேலைக்கு வைத்திருந்த பத்மகுமாரும் எடுத்தான். தன் விசிட்டிங் கார்டிலேயே அந்தப் படத்தை அச்சடித்தான்.

ஏணியின் ஒரு கால் விரிசல் விட்டிருப்பதை உலகம்மை அவனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள். "அடுத்த வாரம் மாத்தாம் சேச்சி" என்றான். மாற்றவில்லை. ஒரு பிப்ரவரி மாதக் காலையில், யானையின் காதுக்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஏணி நழுவியது. டைல்ஸ் தரையில் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

வலியைவிடப் பெரியது அதற்குப் பிறகு வந்தது. வேலையாட்களுக்கு இன்ஷுரன்ஸ் எடுத்திருப்பதாகக் குடியிருப்புச் சங்கத்தில் பத்மகுமார் எழுதிக் கொடுத்திருந்தான். எடுக்கவே இல்லை. சங்கச் செயலாளர் ஸ்வப்னா வந்து கேட்டதும், சுவரோரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் காட்டி நிதானமாகச் சொன்னான்.

"இவங்க இப்போ என் ஆளு இல்ல மேடம். ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தியாச்சு. கம்பு ஒடிச்சு வெளியில விக்க வந்திருக்காங்க. பேக்க பாருங்க."

காவலுக்குப் புதிதாக வந்திருந்த மீனு பையைத் திறந்து தரையில் கவிழ்த்தாள். தூக்குப்பாத்திரம், துண்டு, வெட்டி விழுந்த பத்துப் பன்னிரண்டு குச்சிகள். வீட்டில் தொட்டியில் நட்டுப் பார்க்க என்றைக்கும் எடுத்துப் போகிற குச்சிகள்தான். குடியிருப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்மகுமார் சொன்னபடியே வாசல் ரெஜிஸ்டரில் மீனு எழுதினாள்: வெளியாள், செடி திருட வந்தபோது விழுந்தார்.

கட்டு பிரித்தபோது வலது கட்டைவிரல் முழுதாக மடங்கவில்லை. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். கோயிலில் போய் நின்றாள் உலகம்மை. கை சரியாக வேண்டும் என்று கேட்கவில்லை. அவன் தலை குனிய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

வீட்டு வேலியில் இடது கையால் வெட்டிப் பழகினாள். முதல் மாதம் முழுக்கக் கோணல். நீலகண்டன் சொன்னான்: "ஏளா, விட்டுத் தொலை. அவனுக்கு ஆள்பலம் உண்டு."

"எனக்கு யானை உண்டு" என்றாள்.

அது வெறும் வீம்புப் பேச்சில்லை. மே மாதக் கடைசியில், பத்மகுமார் புதிதாக வைத்திருந்த ஷாஜி அவளைப் போனில் கூப்பிட்டான். வேலி வெட்டத் தெரிந்தவன், உருவம் வெட்டியதில்லை. "சேச்சி, மழை தொடங்கப் போகுது. யானைய எப்போ வெட்டணும்?"

மழைக்கு முன்னால் ஒட்ட வெட்டி, மழை முழுக்க வாரம் ஒருமுறை நுனி கிள்ளவேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். "மழையில கத்தரி வச்சா அழுகிப் போகும் மோனே. மழை விட்ட பொறவு தொட்டா போதும்" என்றாள். ஷாஜியின் வேலை போகுமோ என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

ஆகஸ்டில் யானை வெறும் புதராகிவிட்டது. காது எது, கால் எது என்று தெரியவில்லை. ஓணத்தையொட்டிக் குடியிருப்புகளுக்கான தோட்டப் போட்டி. நடுவர்கள் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு பை ஆப்பிளோடு பத்மகுமார் மணக்காட்டு வீட்டுக்கு வந்தான்.

"சேச்சி ஒண்ணு சகாயிக்கணும். இந்த வருஷம் பிரைஸ் இல்லைன்னா கான்டிராக்ட் போகும். அன்னைக்கு நடந்தத மறந்திருங்க."

"ரெஜிஸ்டர்ல எழுதினத நீங்க திருத்தி எழுதணும்" என்றாள் உலகம்மை. "செயலாளரம்மா முன்னால. அதுக்குப் பொறவு பேசலாம்."

"எழுதினா வெட்டித் தருவீங்களா?"

"மொதல்ல எழுதுங்க."

மறுநாள் காலை வாசலில் ஸ்வப்னா, மீனு, ஷாஜி, நடைப்பயிற்சி முடித்து வந்த நாலைந்து பேர் இருந்தார்கள். பரிசு கிடைத்துவிட்டால் சங்கம் இதைப் பெரிதுபடுத்தாது என்ற கணக்கில் பத்மகுமார் குனிந்து நின்று எழுதினான்: விழுந்த அன்று உலகம்மை என்னிடம் வேலையில் இருந்தார். ஏணி பழுதானது என்று முன்பே சொல்லியிருந்தார். திருட்டு என்று நான் சொன்னது பொய். தேதி போட்டான், கையெழுத்துப் போட்டான். ஸ்வப்னா படித்துப் பார்த்து அவனை ஏறிட்டுப் பார்த்தாள். உலகம்மை அந்தப் பக்கத்தை மீனுவிடம் சொல்லித் தன் போனில் படம் எடுக்கவைத்தாள்.

பிறகு நீளக் கைப்பிடிக் கத்தரியை எடுத்துக்கொண்டு யானையிடம் போனாள். பத்மகுமார் மூச்சு விட்டான்.

தழைத்த இலைக்குள் கையை விட்டு, தும்பிக்கைக் கிளை புறப்படுகிற இடத்தைத் தடவிக் கண்டுபிடித்தாள். ஒரே அழுத்தில் போகவில்லை. வலது விரல் மடங்காததால் மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. கிளை கம்பியோடு தொங்கியது. வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் கொட்டியது.

"எந்தா சேச்சி இது?" பத்மகுமாரின் குரல் உடைந்திருந்தது. "எழுதித் தந்தேன்ல?"

"எழுதினா வெட்டித் தாரேன்னு நான் எப்பம் சொன்னேன்?"

ஸ்வப்னாவுக்குக் கோபம். "அது ஞங்ஙளோட, குடியிருப்போட யானை. அத வெட்ட உங்களுக்கு என்ன அதிகாரம்?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உலகம்மையால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. "தப்புதான்" என்றாள். "திருப்பி வளத்துத் தாரேன். கூலி வேண்டாம். ஆனா இவன் இந்தக் கேட்டுக்குள்ள இருக்க வரைக்கும் வரமாட்டேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. அது பத்மகுமாருக்காக இல்லை. மூன்று வருடம் தினமும் தடவித் தடவி இறக்கிய கிளை அது. பேட்டை தாண்டும்வரை அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் குனிந்து எழுதியது ஞாபகம் வந்ததும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

போட்டியில் அந்தக் குடியிருப்பு எட்டாவது இடத்துக்குப் போனது. அடுத்த மாதம் சங்கம் பத்மகுமாரை நிறுத்தியது. ரெஜிஸ்டர் பக்கத்தின் படத்தை வைத்து உலகம்மை தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். செய்தி பரவியதும் அவனுடைய மற்ற இரண்டு இடங்களும் போயின. இப்போது வித்துராவுக்கு மேலே மலையில் ஏதோ ரிசார்ட்டில் புல் வெட்டுகிறான் என்று கேள்வி. உலகம்மை யானையைத் திருப்பி வளர்க்க வாரம் இரண்டு நாள் கழக்கூட்டம் போகிறாள். ஷாஜி அங்கேயேதான் இருக்கிறான். மழையில் வெட்டாதே என்று சொன்னதைப் பற்றி அவளிடம் அவன் கேட்டதும் இல்லை, அவளாகச் சொன்னதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஷாஜி தயங்கிக்கொண்டே பேச்செடுத்தான். "பத்மகுமார் சார் விளிச்சார் சேச்சி. கேஸ வாபஸ் வாங்கினா, நீங்க கேக்குறத தராம்னு சொன்னார். நடுவு வேதனையாம், முதுகு நிமிர்த்த முடியாம படுத்திருக்காராம்."

"விசாரணை வியாழக்கிழமை" என்றாள். "படுத்திருந்தாலும் வரணும்னு சொல்லு."

அன்று சாயங்காலம் நீலகண்டன் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டான். "அவன் எல்லாத்தையும் இழந்துட்டானே. இன்னும் போதாதா உனக்கு?"

உலகம்மை கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"போதல" என்றாள். "வியாழக்கிழமைக்குக் கடையில லீவு சொல்லிருங்க. நீங்களும் கூட வாங்க."