கெட்டிப்படும் நேரம்

இசக்கி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவன். மண்ணூரில் தனி அறை. ஒரகடத்தில், பேருந்துகளுக்கு ஃபைபர் முகப்பு செய்யும் பட்டறையில் வேலை. ஊதா நிறப் பிசினில் கெட்டியாக்கும் மருந்தான ஹார்டனரை ஊற்றிக் கிளறினால் ஊதா மங்கிப் பழுப்பாகும். பிறகு தானாகச் சூடேறும். சூடேறினால் கெட்டிப்படத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குள் உருளையால் குமிழ்களை நசுக்கிவிட வேண்டும்.

கடைசிப் பூச்சை டீ இடைவேளைக்குச் சற்று முன்புதான் போடுவார்கள். மற்றவர்கள் திரும்பி வரும்போது தேய்க்கப் பதமாக இருக்கும். அதனால் குமிழ் எடுக்கும் இசக்கி டீக்குப் போனதில்லை. யாராவது காகிதக் கோப்பையில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆறியிருக்கும்.

தேய்ப்புப் பிரிவுச் சுகப்பிரியாவுக்கு அன்று கடைசி நாள்.

"இன்னிக்காவது டீக்கு வாண்ணே," என்றாள்.

போக வேண்டும் என்றிருந்தது. ஹார்டனரைப் பாதியாகக் குறைத்தான். மெதுவாகத்தான் கெட்டிப்படும், வந்து குமிழ் எடுத்துக்கொள்ளலாம். வெளியே மழை. குளிரில் இன்னும் தாமதமாகும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

டீக்கடைத் தகரத்தின் கீழ் எல்லாரும் நெருக்கி நின்றார்கள்.

"பார்ரா, இசக்கி! அதான் மய இப்டி கொட்டிக்கினு கீது," என்றான் அன்பு.

"வந்தேன்லா," என்றான் இசக்கி.

"சக்கர போடலாமாண்ணே உனக்கு?" என்று கேட்டாள் சுகப்பிரியா.

அவனுக்குச் சர்க்கரை பிடிக்காது. வந்ததைக் குடித்தே பழகியிருந்தான். "போடு," என்றான். டீயில் ஆவி பறந்தது.

பேச்சு அவள் கல்யாணத்துக்குப் போயிற்று. வாலாஜாபாத்தில் எந்த மண்டபம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் வாசலாண்ட போட்டோ. நீயும் வரணும், ஆமா," என்றாள்.

திரும்பி வந்து குமிழ்களை எடுத்தான். ஷிஃப்ட் முடியும்போதும் பிசின் விரலில் ஒட்டியது. சூப்பர்வைசர் வசந்தகுமார் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா இசக்கி, மருந்த கொறச்சியா?"

"ஆமா சார்."

"குளுர்ல எவனாச்சும் கொறைப்பானா? காலைல தேச்சு அனுப்பணும். செட் ஆவற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போ."

வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. சிரிப்பு கேட்டது. "இன்னும் கிட்ட வாடி," என்று யாரோ கத்தினார்கள். பிறகு பஸ் கிளம்பிற்று.

இசக்கி சூடு கொடுக்க ஹாலஜன் விளக்கை இழுத்துவந்து முகப்புக்கு நேரே நிறுத்தினான். ஸ்டூலில் உட்கார்ந்து அவ்வப்போது புறங்கையால் தொட்டான். வெகுநேரம் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டான். சூடு குறையவில்லை. ஏறிற்று.

இனி அது தானே கெட்டிப்பட்டுவிடும். அவன் போகலாம். மழையும் விட்டிருந்தது.

கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.